தங்கிய பிள்ளை

என் கழுத்திலிருந்த தைராய்டு சுரப்பியை வெட்டி எடுத்துவிட்டார்கள். கோளாறு அதில் இல்லை என்பது எடுத்து வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. மாத்திரையை ஒழுங்காக விழுங்கியும் "நீ போடுவதில்லை" என்று ஏச்சு வாங்குகிறவர்கள் எங்காவது இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் அலமேலு. மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ப்ளஸ் டூ வரை விடுதியில் தங்கிப் படித்தேன். படிப்பு முடிந்ததும் என் தாய்மாமன் மகன் வேடியப்பனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் சொந்தத்தை விட்டு யாரும் கட்டியதில்லை. என் அப்பாவே என் அம்மாவுக்குத் தாய்மாமன்தான். வேடியப்பனுக்குக் கொஞ்சம் சாமைக் கொல்லை, நாலைந்து புளியமரம். கோபமே வராத மனிதர். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

சின்ன வயசிலிருந்தே என் கழுத்தின் முன்பக்கம் கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது. மலையில் கிடைக்கும் உப்பில் அயோடின் இல்லை, அதனால்தான் என்று விடுதிக்கு வந்த நர்ஸ் சொன்னார். நெஞ்சு எப்போதும் வேகமாக அடித்துக்கொள்ளும். மார்கழியிலும் எனக்கு வியர்க்கும். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நம் நெஞ்சு அடிப்பதை வேறு யாரோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்?

கல்யாணமான பிறகு முதல் கரு மூன்றாம் மாதம் கலைந்தது. இரண்டாவதும் அப்படியே. அதற்கடுத்து சத்யா பிறந்தாள். அவள் நல்ல எடையோடு பிறந்து, பிறந்த நிமிஷத்திலிருந்தே அழுது ஊரைக் கூட்டினாள். அவளுக்கு ஆறு வயதாகும்போது ஒரு பையன் பிறந்தான். எட்டாம் மாதம். உடம்பில் சதையே இல்லை. தோல் எலும்போடு ஒட்டி, கிழவன் முகத்தோடு இருந்தான். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். பொழுது சாய்வதற்குள் போய்விட்டான். கொல்லை ஓரத்தில் புதைத்தார்கள்.

என் மாமியார் அன்றைக்கு அழவில்லை. அடுப்பங்கரையில் உட்கார்ந்துகொண்டு, எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்: "இவ வயித்துல இன்னா கீதோ தெரியல. எம்புள்ள வம்சத்தயே தின்னுறா."

வேடியப்பன் எனக்கு வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போனார்.

பையன் போன பிறகு என் உடம்பு இன்னும் மோசமானது. கை நடுங்கி ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. ஜாக்கெட் தைத்தால் தையல் கோணலாகப் போனது. கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். திருப்பத்தூர் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, தைராய்டு ஹார்மோன் ரொம்ப அதிகமாக இருக்கிறது, சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்றார்கள். அதை அடக்க மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடச் சாப்பிட வீக்கம் பெரிதானது. சோறு விழுங்கினால் தொண்டையில் நின்றது. ஆபரேஷன்தான் வழி என்றார்கள். செய்தார்கள்.

இப்போது எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை இங்கே சொல்கிறேன். கழுத்துச் சுரப்பி தானாக வேலை செய்வதில்லை. மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று ஒரு சிறிய சுரப்பி இருக்கிறது. அது டி.எஸ்.எச். என்கிற ஒரு ஹார்மோனை அனுப்பி, கழுத்துச் சுரப்பியை வேலை வாங்குகிறது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் கூடிவிட்டால் பிட்யூட்டரி அதை உணர்ந்து டி.எஸ்.எச். அனுப்புவதை நிறுத்திவிட வேண்டும். எனக்கு ஹார்மோன் கூடியிருந்தது, டி.எஸ்.எச்.சும் குறையாமல் இருந்தது. இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது. அந்த ஆஸ்பத்திரியில் அதை யாரும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் என் கழுத்தில் கத்தி பட்டிருக்காது.

ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தைராக்ஸின் மாத்திரை. சுரப்பி இல்லாதவர்களுக்கு அந்த ஹார்மோனை மாத்திரையாகக் கொடுப்பார்கள். எல்லோருக்கும் கொடுக்கிற அளவுதான் எனக்கும் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் முகம் உப்பியது, தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. டி.எஸ்.எச். எங்கேயோ ஏறிப் போயிருந்தது. அளவைக் கூட்டினார்கள். மறுபடி பார்த்தார்கள், மறுபடி கூட்டினார்கள். ரத்தத்தில் ஹார்மோன் ஏறியது. நெஞ்சு பழையபடி அடித்துக்கொண்டது. டி.எஸ்.எச். மட்டும் இறங்கவே இல்லை.

ஆபரேஷன் செய்த டாக்டர் என்னைப் பார்க்காமல் வேடியப்பனைப் பார்த்துச் சொன்னார்: "உங்க வீட்டம்மா மாத்திரை போடறதில்லைங்க. டெஸ்ட் எடுக்கறதுக்கு முந்தின நாள் மொத்தமா அள்ளி முழுங்கிட்டு வர்றாங்க. அதனாலதான் ரெண்டும் ஏறி நிக்குது. நிறைய பேர் இப்படிப் பண்ணுவாங்க."

"தினமும் போடறேன் சார்," என்றேன்.

"ரத்தம் பொய் சொல்லாதும்மா."

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்டார், வேடியப்பன் சொன்னார். அவருக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

"கெணத்துல கொட்டுவா," என்றார் மாமியார். "நோவாளியா கெடந்தா வேல செய்ய வேணாம் பாரு."

மறுநாள் காலையில் நான் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்ததும் வேடியப்பன் எதிரே வந்து நின்றார். கையில் செல்போன். அதன் லைட்டை எரிய விட்டிருந்தார்.

"வாயத் தெற அலமேலு."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

"நாக்கத் தூக்கு."

தூக்கினேன். சத்யா பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் லைட்டை அணைத்துவிட்டு, என் தோளைத் தட்டி, "தப்பா நெனைக்காத. அம்மா கேக்குது," என்றார். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். அடித்திருந்தால்கூடத் திருப்பி ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். தோளைத் தட்டுகிற மனிதரை என்ன சொல்வது?

கடைசியில் அந்த ஆஸ்பத்திரியே என்னைக் கைகழுவியது. வேலூர்ப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஜீப்பில் இறங்கி, பஸ் மாறி, அங்கே போய்ச் சேரும்போது எனக்குப் பேசுவதற்கே மூச்சு இல்லை. வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். நோயாளி மாத்திரை போடுகிறாரா என்று கூட இருந்து கவனிக்க வேண்டும் என்று என் கேஸ் சீட்டில் எழுதியிருந்தது. அதனால் காலையில் நர்ஸ் வந்து தன் கையால் மாத்திரையைக் கொடுப்பார். விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்வார். கன்னத்துக்குள் விரல் விட்டுப் பார்ப்பார். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் கக்கூஸுக்குப் போக விடமாட்டார், வாந்தி எடுத்துவிடுவேன் என்று. வார்டில் இருந்த அத்தனை பேரும் இதைப் பார்த்தார்கள். திருட்டுக் கேஸ் போல இருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் படவேட்டிலிருந்து வந்த ஒரு அக்கா படுத்திருந்தார். சர்க்கரை நோயில் காலில் இரண்டு விரல் எடுத்திருந்தார்கள். எனக்கு ஆறுதல் சொல்லுகிற மாதிரி கேட்டார்: "ஏன் தங்கச்சி, மாத்திர கசக்குதா? வெல்லத்துல வெச்சு முழுங்கேன்."

"நான் முழுங்கறேங்கா."

"சரி சரி," என்றார். நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் அவருக்கு வீட்டிலிருந்து வரும் இட்லியில் எனக்கும் எடுத்து வைப்பார். என்னை நம்பாமலே சோறு போட்ட ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் நம்பவும் இல்லை, போடவும் இல்லை.

ரவுண்ட்ஸ் வரும்போது பெரிய டாக்டர், பின்னால் மாணவர்கள். என் கழுத்துத் தழும்பை ஒவ்வொருவராக அழுத்திப் பார்ப்பார்கள். எல்லோர் கையும் ஜில்லென்று இருக்கும். பெரிய டாக்டர் ஆங்கிலத்தில் பேசுவார். எனக்குக் கொஞ்சம் புரியும் என்று அவருக்குத் தெரியாது. மலையிலிருந்து வருகிறவர்களுக்கு நேரம் தெரியாது, மருந்தில் நம்பிக்கை கிடையாது, இப்படிப்பட்டவர்களிடம் ஆபரேஷனுக்கு முன்பே யோசிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். ஹார்மோன் நோய்களுக்கு மேற்படிப்புப் படிப்பவர். என் கழுத்தைத் தொடவில்லை. சாயங்காலம் தனியாக வந்து, நர்ஸிடம் கேட்டார்: "சிஸ்டர், உண்மையச் சொல்லுங்க. இவங்க முழுங்கறாங்களா இல்லியா?"

"தினம் என் கண்ணு முன்னாடிதான் டாக்டர். நான் சத்தியம் பண்றேன்," என்றார் நர்ஸ். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் விரல் என் கன்னத்துக்குள் போனதையெல்லாம் மன்னித்துவிட்டேன்.

டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஹார்மோன் ரத்தத்தில் ஓடினால் மட்டும் போதாது, ஒவ்வொரு உறுப்பிலும் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு புரதம் வேண்டும் என்றார். அதற்கு ஏற்பி என்று பெயர். ஏற்பி இல்லாத இடத்தில் ஹார்மோன் எவ்வளவு இருந்தாலும் இல்லாததுபோலத்தான். "உங்க பிட்யூட்டரியில ஏற்பி சரியா இல்லைன்னு நினைக்கிறேன். அதுக்கு ஹார்மோன் இருக்கறதே தெரியல. 'பத்தல, பத்தல'ன்னு டி.எஸ்.எச். அனுப்பிக்கிட்டே இருக்கு. ஆனா இதயம் வேற ஒரு ஏற்பிய நம்பியிருக்கு, அது நல்லா இருக்கு. அதனாலதான் உங்களுக்கு நெஞ்சு மட்டும் ஓடுது."

"அப்ப கழுத்துல இருந்தது?"

"அது சொன்ன வேலையச் செஞ்சிருக்கும்மா. அவ்வளவுதான்."

நான் தழும்பைத் தொட்டுப் பார்த்தேன். எனக்கு அப்போது அழுகை வரவில்லை, சிரிப்பு வந்தது. படவேட்டு அக்கா பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தார்.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். குழாய்க்குள் தள்ளி, காதைப் பிளக்கிற சத்தத்தில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பிட்யூட்டரியில் கட்டி எதுவும் இல்லை. பிறகு மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். அந்த முடிவு வந்தபோது பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார், ஏற்பி மரபணுவில் ஒரு குறையும் இல்லை என்று. என்னைப் பார்த்துத் தமிழிலும் சொன்னார்: "உனக்கு ஒண்ணும் இல்லம்மா. வீட்டுக்குப் போயி ஒழுங்கா மாத்திரையப் போடு."

வேடியப்பன் வந்து என்னை அழைத்துக்கொண்டு போனார். ஜீப் மலை ஏறும்போது ஒரு திருப்பத்தில் கேட்டார்: "ஏன் இப்டி பண்ற அலமேலு? உனக்கு எங்ககிட்ட இன்னா கொறை?"

நர்ஸ் சத்தியம் செய்ததைச் சொன்னேன். அவர் மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்த மழைக்காலம் முழுக்க நான் வீட்டில் பேய் போலக் கிடந்தேன். மாத்திரையை நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். போட்டாலும் போடவில்லை என்றுதானே சொல்கிறார்கள். சத்யாதான் காலையில் தண்ணீர்ச் சொம்பை நீட்டிக்கொண்டு நிற்பாள். "ம்மா, முழுங்கு. நான் பாத்தேன்னு சொல்றேன்," என்பாள். அவளைப் பள்ளிக்கூடத்தில் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு இடத்தில் உட்கார மாட்டாள், பேனாவை உருட்டுவாள், சொன்னதை மறந்துவிடுவாள் என்று வாத்தியார் தினம் அடித்தார். கையில் பிரம்புத் தடம் இருக்கும். அவள் கழுத்தும் கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்ததால் நான் பார்க்கவில்லை.

மழை விட்ட பிறகு டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. கணவரையும் மகளையும் அழைத்துக்கொண்டு வரச் சொன்னார். இன்னொரு சோதனை செய்ய வேண்டும் என்றார். மாமியார் போக வேண்டாம் என்று தடுத்தார். வேடியப்பன் ஏனோ ஒப்புக்கொண்டார். ஒருவேளை நான் பொய் சொல்லவில்லை என்று அவருக்கும் தெரிய வேண்டியிருந்ததோ என்னவோ.

டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். மரபணுவில், புரதம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிற பகுதி ஒன்று. அதற்கு முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் நீளம் இருக்கிறது. அதுவும் படியெடுக்கப்படும், ஆனால் புரதமாக மாறாது. மொழிபெயர்க்கப்படாத பகுதி என்று அதற்குப் பெயர். முதல் சோதனையில் புரதமாகிற பகுதியை மட்டும்தான் பார்த்திருந்தார்கள். அது சுத்தமாக இருந்தது.

"ஆனா எவ்வளவு புரதம் செய்யணுங்கறத அந்தப் புரதமா மாறாத பகுதிதான் பெரும்பாலும் தீர்மானிக்குது," என்றார். "அதுலயும் ஒவ்வொரு உறுப்புக்கும் வேற வேற முன்பகுதி. ஒரே ஏற்பிதான், ஒரே மரபணுதான். பிட்யூட்டரியில ஒரு முன்பகுதியோட படியெடுக்குது, காதுல இன்னொண்ணோட. உங்களுக்குக் காது நல்லா கேக்குது, அதனால ஏற்பியே கெட்டுப்போகல. தலையில செய்யற அளவுதான் கொறையுதுன்னு எனக்குத் தோணிச்சு."

"அளவெல்லாம் சரி, எத்தினி ஜாக்கெட்டு தெக்கணும்னு எழுதின எடத்துலதான் தப்பா?" என்று கேட்டேன்.

"அதேதான்," என்றார்.

மூன்று பேரிடமும் ரத்தம் எடுத்தார்கள். சத்யா கையை நீட்டிவிட்டு ஊசியையே உற்றுப் பார்த்தாள். முடிவு வரப் பல மாதம் ஆனது. வந்ததும் கூப்பிட்டார். அந்த முன்பகுதியில் எனக்கு ஒரு மாற்றம் இருந்தது. அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று, இரண்டு பக்கமும். வேடியப்பனுக்கு ஒரு பக்கம் மட்டும். ஒரு பக்கம் இருந்தால் நோய் வராது. சத்யாவுக்கு இரண்டு பக்கமும். அவள் ஒரு இடத்தில் உட்காராததற்கும் மறப்பதற்கும் அதுதான் காரணமாக இருக்கலாம் என்றார். அவள் கழுத்தில் யாரும் எந்தக் காலத்திலும் கத்தி வைக்கக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

வேடியப்பன் எழுந்து நின்று என்னைப் பார்த்தார். "அப்ப இவ மாத்திர போட்டாளா?"

"எல்லா நாளும் போட்டாங்க. இவங்களுக்கு அந்த அளவு பத்தாது. ரொம்பக் கூடுதலா வேணும், கூடவே நெஞ்சுக்குத் தனியா மாத்திரை."

அவர் கண் கலங்கியது. "சொந்தத்துல கட்டினதுனாலயா இது?" என்று கேட்டார்.

"நீங்க வெளியில கட்டியிருந்தா உங்க பிள்ளைங்களுக்கு அநேகமா வந்திருக்காது," என்றார் டாக்டரம்மா. விளக்கமாகத்தான் சொன்னார். அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை.

வேடியப்பன் சத்யாவைக் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார். நான் போகவில்லை. கேட்க வேண்டியது ஒன்று இருந்தது.

"எனக்கு மூணு பிள்ள தங்கல டாக்டர். அதுக்கும் இதுதானா?"

அவர் மேசை மேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். "உறுதியாச் சொல்ல முடியாதும்மா. அந்தப் பிள்ளைங்கள சோதிக்கல."

"தெரிஞ்சத சொல்லுங்க."

"உங்க ரத்தத்துல அந்த ஹார்மோன் எப்பவும் அதிகம். அது நஞ்சுக்கொடி வழியா பிள்ளைக்கும் போகும். உங்கள மாதிரியே நோய் இருக்கற பிள்ளைக்கு அது அவ்வளவா ஒண்ணும் பண்ணாது. நோய் இல்லாத பிள்ளையால அதத் தாங்க முடியாது. கலைஞ்சு போகும், இல்லன்னா எடை ஏறாமப் பிறக்கும்."

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. "அப்ப போன மூணும்?"

"நல்ல பிள்ளைங்களாத்தான் இருந்திருக்கணும்."

நோய் இருந்த பிள்ளைக்கு மட்டும்தான் என் வயிற்றில் உயிரோடு இருக்க முடிந்தது. என்னைக் கண் திறந்து பார்த்த அந்தப் பையனுக்கு ஒரு குறையும் இருந்திருக்காது. மாமியார் அடுப்பங்கரையில் சொன்னது ஒரு விதத்தில் உண்மைதான். நான்தான் தின்றிருக்கிறேன்.

டாக்டரம்மா தண்ணீர் கொடுத்தார். இனி கரு நின்றால் ஆரம்பத்திலேயே பிள்ளையைச் சோதிக்கலாம், நோய் இல்லாத பிள்ளை என்றால் என் மாத்திரையைக் குறைத்துக் காப்பாற்றப் பார்க்கலாம், சுரப்பி இல்லாததால் இப்போது ஹார்மோன் அளவு நம் கையில்தான் இருக்கிறது என்றார். மாத்திரையைக் குறைத்தால் அத்தனை மாதமும் நான் முன்பு கிடந்ததுபோலக் கிடக்க வேண்டும். பரவாயில்லை, கிடப்பேன் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் வேடியப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைகளைப் பற்றியும் சொன்னேன். அவர், "அவன் நல்லா இருந்தானா?" என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்து கொல்லைப் பக்கம் போனார்.

புது அளவு மாத்திரையில் நான் மெல்ல மெல்ல மனுஷியானேன். முகம் வடிந்தது. கடையைத் திறந்தேன். நடுக்கம் கொஞ்சம் இருந்தது, நூல் கோர்க்க சத்யா இருந்தாள். அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய் வாத்தியாரிடம் இது நோய், திமிர் இல்லை என்று சொன்னேன். அடிப்பதை நிறுத்தினார். அவளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்து, இருப்பதையே மறந்துவிட்டார்.

உடம்பு தேறுகிறது, இனி மறுபடி ஒரு பிள்ளைக்கு யோசிக்கலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நாட்களில், வீட்டில் வேறு பேச்சு நடந்துகொண்டிருந்தது. எனக்கு அது கடைசியில்தான் தெரிந்தது. ஒரு நாள் கடையிலிருந்து வந்தபோது ஊர்ப் பஞ்சாயத்துப் பேசும் ஊர்க் கவுண்டர் எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார். மாமியார் அவருக்கு எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பக்கமும் கீதாம் இவளுக்கு. எம்புள்ளைக்கு ஒரு பக்கந்தான். வெளிய கட்டினா கொழந்தைக்கு வராதாம். நான் சொல்லல, படிச்ச டாக்டரு சொல்லிச்சு."

முன்பெல்லாம் அவரிடம் வசவு மட்டும்தான் இருந்தது. வசவை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. இப்போது அவர் கையில் ஒரு காரணம் இருந்தது. அதை என் ரத்தத்திலிருந்துதான் எடுத்தார்கள்.

கவுண்டர் வேடியப்பனைப் பார்த்தார். "நீ இன்னாப்பா சொல்ற?"

வேடியப்பன் தரையைப் பார்த்தார். "அலமேலுவ நான் வுடலிங்க. அவளும் இருக்கட்டும்."

அவளும். நான் சத்யாவின் துணிகளை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு வந்துவிட்டேன். கிளம்பும்போது வேடியப்பன் ஜீப் நிற்கும் இடம்வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "டாக்டரே சொல்லிச்சே அலமேலு," என்றார். "நானா எதுவும் சொல்லல." பையை ஏற்றிவிட்டு என் தோளைத் தட்டப் போனார். நான் நகர்ந்துகொண்டேன்.

நெல்லிவாசல்நாட்டிலிருந்து கௌரி என்று ஒரு பெண்ணைக் கட்டி வந்தார்கள். எங்களுக்கு எந்த வகையிலும் சொந்தமில்லாத வீடு. தேடிப் பார்த்துத்தான் கட்டினார்கள்.

இதை எழுத ஆரம்பித்த பிறகு, சென்ற வாரம், அவள் கடைக்கு வந்தாள். இருபது வயதுதான் இருக்கும். கையில் இரண்டு ஜாக்கெட். உள்ளே வராமல் வாசலில் நின்றாள்.

"இன்னா வேணும்?" என்றேன்.

"இறுக்குதுங்கா. பிரிச்சு வுடணும்." பிறகு, மெதுவாக, "நாலாம் மாசம்," என்றாள்.

ஜாக்கெட்டை வாங்கி உள் தையலைப் பார்த்தேன். துணி விட்டுத்தான் தைத்திருந்தார்கள். அவள் போகாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, அத்த ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது. அவரக் கேட்டா எழுந்து போயிடறாரு. உங்களக் கேட்டாத்தான் தெரியும்னு வந்தேன். எம்புள்ளைக்கும் அது வருமா?"

பயத்தில் அவள் உதடு காய்ந்திருந்தது. ஒரு வார்த்தை போதும். வரும் என்று சொன்னால், அந்த வீட்டில் இன்றையிலிருந்து யாரும் நிம்மதியாகச் சோறு தின்ன மாட்டார்கள். அந்த வார்த்தை என் வாய்வரை வந்தது. கொஞ்ச நேரம் அதை வாயிலேயே வைத்திருந்தேன். இனிப்பாகத்தான் இருந்தது.

"வராது," என்றேன். "அவருக்கு ஒரு பக்கந்தான் கீது. ரெண்டு பக்கமும் சேந்தாத்தான் நோவு. உனக்கு இருக்க வாய்ப்பே இல்ல."

"புள்ள தங்குமா?"

"அந்த நோவால போவாது. உன் ரத்தத்துல என்னுது மாதிரி ஹார்மோன் அதிகமா இல்ல. அதனால ஒண்ணும் பயப்படாத."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். நான் எழுந்திருக்கவில்லை. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எங்க மேல உங்களுக்குக் கோவம் இல்லியாக்கா?"

"கீது," என்றேன். "உள்ள வா. கையத் தூக்கு."

அவள் வந்து நின்று இரண்டு கையையும் தூக்கினாள். நான் அளவெடுத்தேன்.